டிரைவர் பந்து வலது பக்கமே போகிறதா? ஸ்லைஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோல்ஃப் பழக ஆரம்பிக்கிறவர்களில் பெரும்பாலோர் முதலில் மாட்டிக்கொள்வது ஸ்லைஸில்தான், அதாவது அடித்த பந்து காற்றில் வலது பக்கம் வளைந்து போவது. முதல் அடிக்கு எடுக்கிற நீளமான கிளப்பான (மட்டையான) டிரைவரில் இது நன்றாகத் தெரியும். ரேஞ்சில், அதாவது பயிற்சித் திடலில், பக்கத்தில் நிற்பவர் ஒரு வழி சொல்வார், கிளப் பையைத் தூக்கி வருகிற கேடி இன்னொன்று சொல்வார், யூடியூப் இரண்டையும் மறுத்து மூன்றாவதாக ஒன்றைச் சொல்லும். அடிக்கடி வருகிற கேள்விகளை ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். எல்லாம் வலது கைக்காரர்களை மனதில் வைத்து எழுதியது, இடது கையால் ஆடுபவர்கள் இடம் வலம் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

வலது பக்கம் போகிற எல்லாப் பந்தும் ஸ்லைஸ்தானா?

இல்லை. ஒரு பந்து வலது பக்கம் கிளம்பி, வளையாமல் நேர்கோட்டிலேயே போனால் அது புஷ். ஸ்லைஸ் என்றால் காற்றில் வலது பக்கம் வளைய வேண்டும். இதில் பலர் கவனிக்காத விஷயம், பந்து எங்கே கிளம்புகிறது என்பது. இடது பக்கம் கிளம்பி வலது பக்கம் வளைகிற ஸ்லைஸ் ஒன்று, வலது பக்கமே கிளம்பி இன்னும் வலது பக்கம் வளைகிற ஸ்லைஸ் இன்னொன்று. இரண்டும் ஒரே புதரில் போய் விழலாம், ஆனால் காரணத்தின் அளவு வேறு. அதனால் அடுத்த தடவை ரேஞ்சுக்குப் போகும்போது பந்து எங்கே விழுந்தது என்று பார்ப்பதை விட்டுவிட்டு, எங்கே கிளம்பியது, எந்தப் பக்கம் வளைந்தது என்று இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் தொடங்குகிறது.

பந்து ஏன் வளைகிறது?

கிளப்பின் முகம் ஒரு திசையைப் பார்த்துக்கொண்டு, கிளப் தலை வேறொரு திசையில் நகர்ந்துகொண்டிருந்தால் பந்தின் சுழற்சி அச்சு சாய்ந்துவிடும். சாய்ந்த அச்சோடு சுழல்கிற பந்து சாய்ந்த பக்கம் வளையும். அவ்வளவுதான். ஸ்விங் பாதையோடு, அதாவது கிளப் தலை நகர்கிற திசையோடு, ஒப்பிடும்போது முகம் வலது பக்கம் திறந்திருந்தால் பந்து வலது பக்கம் வளையும், இடது பக்கம் மூடியிருந்தால் இடது பக்கம் வளையும்.

பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது முகம்தான். டிரைவரில் தோராயமாக 85 சதவீதம் முகம், மிச்சம் பாதை. டிரைவரைவிடக் குட்டையான, முகம் அதிகம் சாய்ந்த அயர்ன் கிளப்புகளில் முகத்தின் பங்கு 75 சதவீதம் அளவுக்கு இருக்கும். பழைய கோச்சிங்கில் இதைத் தலைகீழாகச் சொல்லிக்கொடுத்தார்கள்: பாதையின் திசையில் பந்து கிளம்பும், பிறகு முகம் பார்க்கிற பக்கம் வளைந்து வந்துவிடும் என்று. 2003ல் டென்மார்க்கில் தொடங்கிய டிராக்மேன் போன்ற ரேடார் கருவிகள் ரேஞ்சுகளுக்கு வந்தபிறகுதான் அந்தக் கணக்கு தவறு என்பது பரவலாகத் தெரிந்தது. இன்னமும் பழைய கணக்கைச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், சண்டை போடாமல் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

ஒரு எண்ணை வைத்துப் பார்ப்போம். உங்கள் பாதை இலக்குக்கு 6 டிகிரி இடது பக்கம் போகிறது, முகம் 2 டிகிரி இடது பக்கம் பார்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இலக்கை வைத்துப் பார்த்தால் முகம் மூடித்தான் இருக்கிறது. ஆனால் பாதையை வைத்துப் பார்த்தால் 4 டிகிரி திறந்திருக்கிறது. பந்து இரண்டரை டிகிரி அளவுக்கு இடது பக்கம் கிளம்பி, 200 யார்டு பறக்கிற டிரைவர் ஷாட்டில் சுமார் 20 யார்டு வலது பக்கம் வளையும். இதுவே பாதை அப்படியே இருந்து முகம் 3 டிகிரி வலது பக்கம் பார்த்தால்? பந்து வலது பக்கமே கிளம்பும், வளைவும் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடும். பக்கத்து ஃபேர்வேயில் (புல் வெட்டிய ஆட்டப் பாதையில்) இருப்பவர்களிடம் மன்னிப்புக் கேட்கத் தயாராகிக்கொள்ளலாம்.

அப்படியென்றால் எதை முதலில் சரிசெய்வது, முகத்தையா பாதையையா?

முகத்தை. இதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை.

இணையத்தில் ஸ்லைஸ் என்று தேடினால் முதலில் வருவதெல்லாம் பாதையைப் பற்றித்தான் இருக்கும்: வெளியிலிருந்து (பந்துக்கு அந்தப் பக்கமிருந்து) உள்ளே (உங்கள் பக்கம்) வெட்டுகிறீர்கள், உள்ளேயிருந்து வெளியே ஆடுங்கள் என்று. சொல்வது தவறில்லை, ஸ்லைஸ் அடிப்பவர்களில் மிகப் பலர் அப்படி வெட்டத்தான் செய்கிறார்கள். ஆனால் ஏன் வெட்டுகிறார்கள் என்று யோசியுங்கள். முகம் திறந்தே இருக்கிற ஒருவருக்குப் பந்து எப்போதும் வலது பக்கம்தான் போகும். நாலு பந்து அப்படிப் போனதும் உடம்பு தானாகவே இடது பக்கம் இழுத்து அடிக்க ஆரம்பிக்கும், யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதுதான் வெட்டு. அதாவது, பல பேருக்குப் பாதை என்பது முகத்தின் தவறைச் சமாளிக்க உடம்பு கண்டுபிடித்துக்கொண்ட உபாயம்.

இப்போது அந்த ஆளைப் பிடித்து, முகத்தைத் தொடாமல், உள்ளேயிருந்து வெளியே ஆடு என்று சொன்னால் என்ன ஆகும்? வளைவு குறையும், ஆனால் பந்து நேராக வலது பக்கக் காட்டுக்குள் போகும். நன்றாக ஆடிய ஸ்விங்குக்கு முன்னைவிட மோசமான பலன். பத்து நிமிடத்தில் அவர் பழைய ஸ்விங்குக்கே திரும்பிவிடுவார், திரும்பியது நியாயமும்கூட. மாறாக முகத்தை முதலில் மூடிக் கொடுத்தால் பந்து இடது பக்கம் போகும், சில நேரம் பயங்கரமாகப் போகும். அதைப் பார்த்துப் பார்த்து உடம்பு இடது பக்கம் இழுப்பதை நிறுத்த ஆரம்பிக்கும். பாதி வேலை தானாக நடந்துவிடும், மீதிப் பாதிக்குத்தான் பயிற்சி தேவைப்படும்.

பந்தும் முகமும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் சுமார் அரை மில்லி விநாடி. அந்த நேரத்தில் மணிக்கட்டைத் திருப்பிச் சரிசெய்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு இந்த எண் போதும். முகத்தைத் தீர்மானிப்பது பந்தைத் தொடுவதற்கு ரொம்ப முன்பே, கிளப்பைப் பிடிக்கும்போதே, நடந்துவிடுகிறது.

சரி, எப்படிப் பிடிக்க வேண்டும்?

இடது கையிலிருந்து ஆரம்பிப்போம். கிளப்பை உள்ளங்கையின் நடுவில் வைத்துப் பிடிக்காதீர்கள். சுண்டுவிரலின் அடியிலிருந்து ஆள்காட்டி விரலின் நடுப்பகுதி வரை, விரல்களின் குறுக்கே கிடக்க வேண்டும். உள்ளங்கையில் பிடித்தால் மணிக்கட்டு அசையாது, முகம் திரும்பாது, ஸ்லைஸ் உறுதி. விரல்களால் பிடித்தபின் மேலிருந்து கீழே பாருங்கள். இடது கையில் எத்தனை மொட்டு (விரல்களின் அடியில் புறங்கையில் புடைத்திருக்கும் முட்டி) தெரிகிறது? ஒன்றுதான் தெரிகிறது, அல்லது எதுவுமே தெரியவில்லை என்றால் அது வீக் கிரிப். குறைந்தது இரண்டு தெரிய வேண்டும், ஸ்லைஸ் அதிகமாக இருந்தால் மூன்றுகூட இருக்கட்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருவாகிற கோடு உங்கள் வலது தோளை நோக்கிப் போக வேண்டும், முகவாயை நோக்கி அல்ல.

வலது கை பக்கவாட்டிலிருந்து வந்து இடது கட்டைவிரலை மூட வேண்டும். வலது கையின் கோடும் வலது தோளையே காட்டட்டும். சுண்டுவிரலை மேலே போட்டுக்கொள்வதா, கோத்துக்கொள்வதா, பத்து விரலும் கிரிப்பிலேயே இருக்கட்டுமா என்பதெல்லாம் ஸ்லைஸுக்குப் பெரிய வித்தியாசம் செய்வதில்லை, வசதிப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு பெரிய தப்பு நடக்கும். கையைத் திருப்பச் சொன்னால் பலர் கையோடு சேர்த்துக் கிளப்பையும் திருப்பிவிடுகிறார்கள். பார்க்க ஸ்ட்ராங் கிரிப் (கைகளை வலது பக்கம் திருப்பிப் பிடிப்பது) மாதிரி இருக்கும், ஆனால் முகம் வலது பக்கம் திறந்தபடி தரையில் கிடக்கும், அல்லது திருப்பிய கையை முகத்தோடு மறுபடி பழைய இடத்துக்கே கொண்டுவந்திருப்பார்கள். முதலில் கிளப்பைத் தரையில் வைத்து முகத்தை இலக்குக்கு நேராக வைத்துவிடுங்கள், அதை அசைக்காமல் கைகளை மட்டும் மாற்றிப் பிடியுங்கள். எவ்வளவு இறுக்கமாகப் பிடிப்பது என்றால், முன்னங்கை விறைக்காத அளவுக்கு.

ஸ்ட்ராங் கிரிப் கெட்ட பழக்கம், வீக்கும் இல்லாமல் ஸ்ட்ராங்கும் இல்லாமல் நியூட்ரலாகத்தான் பிடிக்க வேண்டும் என்றாரே ஒருவர்?

இந்த அறிவுரை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதன் எல்லையும் தெரியும். பென் ஹோகன் இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய ஆட்டக்காரர்களில் ஒருவர், அவருடைய வாழ்நாள் பிரச்சினை ஸ்லைஸ் அல்ல, ஹூக். பந்து இடது பக்கம் முறுக்கிக்கொண்டு போனதால் பல வருடங்கள் அவதிப்பட்டு, கிரிப்பை வீக்காக்கித்தான் அதிலிருந்து வெளியே வந்தார். அவர் கற்பித்ததில் பெரும்பகுதி முகம் மூடிவிடாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதுதான். அவர் மீதான மரியாதையில் அவருடைய கிரிப்பை அப்படியே எடுத்துக்கொள்கிற வாரக்கடைசி ஆட்டக்காரர், ஏற்கெனவே திறந்திருக்கிற முகத்தை இன்னும் திறந்துவிடுகிறார். மருந்து நல்லதுதான், நோய் வேறு.

மறுபக்கம் 1993ல் பிஜிஏ சாம்பியன்ஷிப் என்ற பெரிய போட்டியை ஜெயித்த பால் அசிஞ்சர் மிக ஸ்ட்ராங்கான கிரிப்புக்குப் பெயர் போனவர். ஆக, ஸ்ட்ராங் கிரிப் என்றாலே தவறு என்பதில் ஒன்றுமில்லை.

கிரிப்பை மாற்றினால் கிளப் யாரோ ஒருவருடையது போல இருக்கிறது. எத்தனை நாள் இப்படி?

அப்படித்தான் இருக்கும். இயல்பாகத் தோன்றினால் நீங்கள் மாற்றவே இல்லை என்று அர்த்தம். ரேஞ்சுக்குப் போய் மட்டும் பழகினால் ரொம்ப நாள் இழுக்கும். வீட்டில் ஒரு கிளப்பை வைத்துக்கொண்டு டிவி பார்க்கும்போது எடுத்துப் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்துப் பழகுங்கள், ஆடவே வேண்டாம். மேலே மின்விசிறி ஓடுகிற அறையில் நிஜமாகவே ஆட வேண்டாம். சில வாரங்களில் பழைய பிடியைக் கை மறந்துவிடும்.

கிரிப்பை மாற்றியும் முகம் திறந்தே வருகிறது. அப்புறம் என்ன?

பேக்ஸ்விங்கின் (கிளப்பைப் பின்னால் தூக்கும் அசைவின்) உச்சியில் இடது மணிக்கட்டைப் பாருங்கள், போனில் ஸ்லோ மோஷன் எடுத்தால் தெரியும். மணிக்கட்டு பின்பக்கமாக மடிந்து, புறங்கைக்கும் முன்னங்கைக்கும் நடுவே குழி விழுந்திருந்தால் முகம் திறக்கிறது. தட்டையாகவோ, எதிர்ப்பக்கம் லேசாகக் குவிந்தோ இருந்தால் மூடுகிறது. அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர் டஸ்டின் ஜான்சனின் இடது மணிக்கட்டை உச்சியில் பார்த்தால் அது எவ்வளவு தூரம் குவியலாம் என்பது புரியும், அவ்வளவெல்லாம் உங்களுக்கு வேண்டாம்.

இதற்கு நான் பார்த்ததில் சீக்கிரம் மண்டையில் ஏறுவது பைக் ஆக்சிலேட்டர் பயிற்சி. இடது கையில் ஆக்சிலேட்டர் இருப்பதாக நினைத்துக்கொண்டு, கிளப் கீழே இறங்க ஆரம்பிக்கும்போதே முறுக்குங்கள். நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை, கை மட்டும் மாறுகிறது. இந்த முறுக்கலில் மணிக்கட்டு தட்டையாகும், முகம் மூடும். முதலில் இடுப்பு உயரத்திலிருந்து இடுப்பு உயரம் வரைக்கும் அரை ஸ்விங்கில், 8 அயர்னோடு. அடித்தபின் கிளப் இடுப்பு உயரத்தில் நிற்கும்போது கிளப் தலையின் நுனி (கம்பியிலிருந்து தள்ளி இருக்கிற முனை) வானத்தைப் பார்க்க வேண்டும், அல்லது லேசாக இடது பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். முகம் வானத்தைப் பார்த்தால் இன்னும் நீங்கள் அதைத் திரும்பவிடாமல் கையால் பிடித்து வைத்திருக்கிறீர்கள்.

வேண்டுமென்றே ஹூக் அடிக்க முயற்சி செய்யுங்கள். நேராக அடிக்க முயன்றால் ஸ்லைஸ் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். இடது பக்க வலைக்குள் பந்தைத் தள்ளுவது என்று முடிவு செய்து ஆடினால்தான் முகம் திரும்புவது எப்படி இருக்கும் என்று கைக்குத் தெரியவரும். வருடக்கணக்கில் ஸ்லைஸ் மட்டுமே அடித்தவர் முதல் ஹூக் அடித்ததும் சந்தோஷப்பட வேண்டும், திட்டக் கூடாது.

பந்து வலது பக்கம் போகிறதே என்று இடது பக்கம் குறிவைத்து நிற்கிறேன். சரிதானே?

இன்றைக்கு ஒரு சுற்று முடிக்க வேண்டுமானால் சரி. குணமாக வேண்டுமானால் தவறு. இடது பக்கம் குறிவைத்ததும் தோள்கள் இடது பக்கம் திறந்துகொள்ளும், தோள்கள் எங்கே பார்க்கின்றனவோ ஸ்விங் அந்தப் பக்கம் போகும், வெட்டு இன்னும் பெரிதாகும், வளைவு இன்னும் கூடும், நீங்கள் இன்னும் இடது பக்கம் குறிவைப்பீர்கள். இதற்கு முடிவே இல்லை.

டீயில் (பந்தை வைத்து அடிக்கிற சின்ன ஆணியில்) பந்தை ரொம்ப முன்னால் வைத்தாலும் இதே கதைதான். டிரைவருக்குப் பந்து இடது குதிகாலுக்கு நேராக, அதன் உட்பக்கம். அதைத் தாண்டி வைத்தால் எட்டி அடிக்கத் தோள் திறந்தே ஆக வேண்டும். நின்றபடியே கிளப்பைத் தோள்களுக்குக் குறுக்கே வைத்துப் பாருங்கள், அது இலக்குக்கு இணையாக இருக்கிறதா இடது பக்கம் காட்டுகிறதா என்று தெரிந்துவிடும். கால் நேராக இருக்கிறது என்று பலர் திருப்திப்பட்டுக்கொள்கிறார்கள், தோளைப் பார்ப்பதே இல்லை.

ஓவர் தி டாப் என்கிறார்களே, அது என்ன, எப்படி நிறுத்துவது?

மேலேயிருந்து கிளப்பை இறக்கும்போது முதல் அசைவே வலது தோளை முன்னே எறிவதாக இருந்தால், கிளப் பந்தின் வெளிப்பக்கமாக வந்து உள்ளே வெட்டும். அதுதான். பந்தை வேகமாக அடிக்க வேண்டும் என்ற ஆசை மேல்உடம்பில் இருப்பதால் வருவது.

முகம் ஓரளவு அடங்கியபின் இதை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பயிற்சிகள் போதும்.

ஒன்று, டிரைவரின் தலையுறையைப் பந்துக்கு வெளிப்பக்கம், அதாவது உங்களிடமிருந்து தள்ளி இருக்கிற பக்கம், ஒரு கை அகலம் விட்டு, பந்துக்குச் சற்றுப் பின்னால் வையுங்கள். வெட்டினால் உறை பறக்கும். பறக்காமல் அடிக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. எந்தத் தசையை எப்படி அசைப்பது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை, உடம்பு தானே வழி கண்டுபிடிக்கும். பெட்டி, கட்டை என்று கடினமான எதையும் வைக்காதீர்கள், மணிக்கட்டு போய்விடும்.

இரண்டாவது, வலது காலை ஒரு அடி பின்னுக்கு இழுத்து நின்று ஆடுவது. உச்சிக்குப் போனதும் உங்கள் முதுகு இலக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதை அப்படியே இன்னும் ஒரு கணம் பார்க்க விட்டு, எடையை இடது காலுக்கு மாற்றி, கைகளைக் கீழே விழ விடுங்கள், பிறகு திரும்புங்கள். கை முதலில் இறங்க வேண்டும், தோள் அப்புறம் திரும்ப வேண்டும். சொல்ல எளிது. இதை மெதுவாக, பந்தே இல்லாமல், நிறைய செய்ய வேண்டும். பந்தைப் பார்த்ததும் உடம்புக்குப் பழைய ஞாபகம் வந்துவிடும்.

தரையில் குச்சி வைத்துப் பழகுவதும் நல்லது, ரேஞ்சில் மட்டும். போட்டிச் சுற்றில் திசை காட்டத் தரையில் எதையும் வைத்து ஆட விதி அனுமதிப்பதில்லை.

7 அயர்ன் நேராகப் போகிறது, டிரைவர் மட்டும் வளைகிறது. ஸ்விங் ஒன்றுதானே?

ஸ்விங் ஒன்றுதான், தவறும் ஒன்றுதான், 7 அயர்ன் அதை மறைக்கிறது. லாஃப்ட், அதாவது முகம் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கிற கோணம், அதிகமான கிளப்பில் பின்சுழற்சி அதிகம், அதனால் அதே அளவு முகம் திறந்திருந்தாலும் சுழற்சி அச்சு குறைவாகத்தான் சாயும். 7 அயர்னில் சாய்வு டிரைவரில் இருப்பதில் தோராயமாகப் பாதி, பறக்கும் தூரமும் குறைவு, ஆக வளைவு கண்ணுக்கே தெரியாமல் போகலாம். லாஃப்ட் இன்னும் கூடிய வெட்ஜில் இன்னும் குறைவு. இது போக டிரைவர் நீளமானது, 45 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கும், முகத்தை நேராகக் கொண்டுவர அதிக நேரம் கேட்கும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. டிரைவர் முகத்தின் நடுவில் படாமல் குதிப் பக்கம், அதாவது கம்பிக்கு அருகில் பட்டால், மோதலில் கிளப் தலை திரும்பி பந்துக்கு ஸ்லைஸ் சுழற்சியைக் கொடுத்துவிடும். நுனிப் பக்கம் பட்டால் எதிர்ச்சுழற்சி. அதனால் முகமும் பாதையும் சரியாக இருந்தும் பந்து வளையலாம்! எங்கே படுகிறது என்று பார்க்க, ஒயிட்போர்டு மார்க்கரால் பந்தில் ஒரு பெரிய புள்ளி வைத்து அந்தப் பக்கம் அடியுங்கள், முகத்தில் அச்சு விழும். குதியிலேயே விழுந்துகொண்டிருந்தால் பந்திலிருந்து அரை அங்குலம் தள்ளி நின்று பாருங்கள், அடிக்கும்போது உடம்பு பந்தை நோக்கிச் சாய்கிறதா என்றும் பாருங்கள். ஸ்விங்கை மாற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை இது, இலவசமும்கூட.

நான் பல வருடம் கிரிக்கெட் ஆடியவன். அதனால்தான் இப்படியா?

ஓரளவுக்கு, ஆம். நல்ல பேட்ஸ்மேனுக்கு சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொடுப்பது இடது முழங்கையை உயர்த்து, மட்டையின் முழு முகத்தையும் பௌலருக்குக் காட்டு, கோட்டிலேயே கொண்டுபோ என்பது. மட்டை திரும்பக் கூடாது. கோல்ஃபில் முகம் திரும்பியே ஆக வேண்டும், பேக்ஸ்விங்கில் திறந்து, கீழே வரும்போது மூடி. ஸ்ட்ரெயிட் டிரைவ் பழகிய இடது முழங்கை அடித்தபின் மடங்கி வெளியே துருத்திக்கொண்டு, கோழி இறக்கை மாதிரி நின்றால் முகம் மூடவே வழியில்லை. மேலே சொன்ன அரை ஸ்விங்கில் இரண்டு முழங்கையும் அடித்தபின் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

நல்ல செய்தியும் உண்டு. உங்களுக்குக் கண்ணும் கையும் ஏற்கெனவே ஒத்துழைக்கும். பந்து மிட்-விக்கெட்டுக்குப் போக மணிக்கட்டை எப்படித் திருப்புவீர்கள் என்று கேட்டால் உடனே செய்து காட்டுவீர்கள், அந்தத் திருப்பல்தான் இங்கே தேவைப்படுவது.

தலையைத் தூக்கிவிடுகிறாய், அதனால்தான் என்கிறார்கள்.

தலைக்கும் ஸ்லைஸுக்கும் நேரடி சம்பந்தம் கிடையாது. தலையைப் பூட்டி வைத்தால் உடம்பு திரும்பாமல் கை மட்டும் வேலை செய்யும், பல நேரம் இன்னும் மோசமாகும்.

மெதுவாக அடித்தால் ஸ்லைஸ் போய்விடுமா?

தூரம் குறைவதால் வளைவும் குறையும். பழகும்போது மெதுவாக ஆடுவது நல்லது, ஆனால் அதுவே மருந்து அல்ல. மெதுவாகவும் முகத்தைத் திறந்து அடிக்கலாம்.

புது டிரைவர் வாங்கினால் சரியாகுமா?

கொஞ்சம் குறையும், சரியாகாது. டிரா (லேசாக இடது பக்கம் வளைவது) டிரைவர் என்று விற்பவற்றில் எடையைக் குதிப் பக்கம் வைத்திருப்பார்கள், முகம் மூட உதவும். ஆனால் முகம் 6 டிகிரி திறந்து வருகிறவருக்கு அது காப்பாற்றிக் கொடுப்பது கொஞ்சம்தான். செலவழிப்பதற்கு முன் உங்கள் டிரைவரின் லாஃப்டைப் பாருங்கள். 9 டிகிரி வைத்துக்கொண்டு ஸ்லைஸ் அடிப்பவர்கள் நிறைய. 11 அல்லது 12க்குப் போனால் பின்சுழற்சி கூடி வளைவு குறையும். திருகிச் சரிசெய்கிற வகையாக இருந்தால் லாஃப்டைக் கூட்டும்போது முகமும் லேசாக மூடும், இரண்டு லாபம். சுற்று நடுவில் மட்டும் திருகக் கூடாது, விதிமீறல்.

எனக்குக் கேட்டால், கிரிப் ரப்பர் தேய்ந்து வழுக்குகிறதா என்று பார்த்து அதை மாற்றிவிட்டு, மிச்சப் பணத்தில் ஒரு நல்ல கோச்சிடம் இரண்டு மூன்று பாடம் எடுத்துக்கொள்ளலாம்.

வளையாத பந்து என்று ஒன்று இருக்கிறதாமே?

இருக்கிறது, பொலாரா என்று பெயர். 1970களில் அமெரிக்காவில் வந்தது. பந்தின் குழிகளை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வைக்காமல் மாற்றி வைத்ததால் அது வளைவைக் குறைத்தது. அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1981ல் பந்து சமச்சீராக இருக்க வேண்டும் என்று விதியே கொண்டுவந்துவிட்டது, கோர்ட்டு வரை போன சண்டை அது. நண்பர்களோடு ஆட்சேபணை இல்லாமல் ஆடலாம், போட்டியில் ஆட முடியாது. உங்கள் கிளப்பின் முகம் திறந்திருப்பதை உங்களிடமிருந்தே மறைக்கிற பந்தால் என்ன லாபம் என்பது என் கேள்வி.

ஊட்டியில் ஆடும்போது நேராகப் போனது, சென்னையில் மறுபடி ஸ்லைஸ். மனப்பிரமையா?

இல்லை, காற்று. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,200 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கீழே இருப்பதைவிட ஏறக்குறைய 20 சதவீதம் குறைவு. பந்தைத் தடுக்கவும் வளைக்கவும் காற்றுதான் வேண்டும், ஆகவே தூரம் கூடும், வளைவு குறையும். இலங்கையில் நுவரெலியாவில் ஆடுபவர்களும் கொழும்புக்கு வந்தால் இதையே பார்ப்பார்கள். சென்னை நந்தனம் மைதானத்தில் மதியத்துக்கு மேல் கடற்காற்று எழும்பி, எதிர்க்காற்றில் டிரைவர் எடுத்தால் கதையே வேறு. எதிர்க்காற்றில் பந்து சந்திக்கிற காற்றின் வேகம் கூடுவதால் ஸ்லைஸ் பெரிதாகும். பின்காற்றில் அதே ஸ்லைஸ் அடங்கிப் போகும்.

ஜாக் நிக்லஸ், லீ டிரெவினோ மாதிரி பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாம் வலது பக்கம் வளைத்துத்தானே ஆடினார்கள்?

ஆடினார்கள், மேஜர் எனப்படும் மிகப் பெரிய போட்டிகளில் நிக்லஸ் 18, டிரெவினோ 6 ஜெயித்தார்கள். அது ஃபேட். வளைவு சின்னது, எங்கே கிளம்பும், எவ்வளவு வளையும் என்று அடிப்பதற்கு முன்பே தெரியும், நினைத்தால் எதிர்ப்பக்கமும் வளைப்பார்கள். உங்கள் பந்து ஒவ்வொரு தடவையும் 10 யார்டு மட்டும் வலது பக்கம் வளைகிறது என்றால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டுப் போய் பட்டிங் (குழிக்குள் பந்தை உருட்டுவது) பழகுங்கள்.

நாளைக்குப் போட்டி. இப்போது என்ன செய்வது?

ஸ்விங்கைத் தொடாதீர்கள். டீ மார்க்கர்களுக்கு நடுவே வலது ஓரத்தில் டீ போட்டு ஃபேர்வேயின் இடது பக்கம் குறிவையுங்கள், வளைவுக்கு இடம் கிடைக்கும். வலது பக்கம் எல்லைக்கோடு இருக்கிற ஹோலில் டிரைவரை எடுக்காமல், அதைவிடக் குட்டையான, லாஃப்ட் கூடிய ஹைப்ரிட் எடுங்கள். எல்லைக்கு வெளியே போனால் ஒரு ஸ்ட்ரோக் தண்டனையோடு அடித்த இடத்துக்கே திரும்ப வேண்டும், அதனால் சந்தேகம் வந்தாலே, சொல்லிவிட்டு ஒரு புரொவிஷனல் (முன்னெச்சரிக்கையான மாற்று) பந்து அடித்துவிடுங்கள். காணாத பந்தைத் தேட 3 நிமிடம்தான், 2019க்கு முன்புதான் 5. ஆட்கள் இருக்கிற பக்கம் பந்து வளைந்தால் கூச்சப்படாமல் ‘ஃபோர்!’ என்று எச்சரித்துக் கத்துங்கள்.

இப்போது பந்து இடது பக்கம் போக ஆரம்பித்துவிட்டது. பழைய கிரிப்புக்குத் திரும்பலாமா?

வேண்டாம். எங்கே கிளம்புகிறது என்று பாருங்கள். இடது பக்கம் கிளம்பி நேராகப் போனால் அது ‘புல்’ (pull) ஷாட், முகம் சரியாகிவிட்டது, பாதை இன்னும் பழைய வெட்டிலேயே இருக்கிறது. தலையுறைப் பயிற்சியைத் தொடருங்கள், கிரிப்பைத் தொட வேண்டாம். வலது பக்கமோ நேராகவோ கிளம்பி இடது பக்கம் முறுக்கினால் அது ஹூக். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்து, அப்போதும் நிற்கவில்லை என்றால் இடது கையில் தெரிகிற மூன்று மொட்டை இரண்டரையாக்குங்கள், வலது கையை அப்படியே விடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு கை மட்டும்.